குடும்ப அமைதியும் துப்பாக்கி உரிமமும்

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் நமது மாவட்டத்துக் காவல் நிலையங்களில் ஒரு காட்சியைக் காணலாம். துப்பாக்கி லைசென்ஸ் பெற்றவர்கள் தங்கள் துப்பாக்கியை எடுத்து வந்து நிலையத்தில் ஒப்படைத்து, இரசீது பெற்றுச் செல்வார்கள். கலெக்டரும் காவல் கண்காணிப்பாளரும் உரிமதாரர்களின் பட்டியலை ஆராய்வார்கள். ஜாமீனில் வெளிவந்திருப்போர், குற்ற வரலாறு உடையோர், முன்பு கலகத்தில் ஈடுபட்டோர் ஆகியோருடைய துப்பாக்கிகள் தவறாமல் வாங்கி வைக்கப்பட வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுரை. தேர்தல் முடிந்ததும் அவை உரியவர்களிடம் திருப்பித் தரப்படும். இதனை யாரும் அவமானமாகக் கருதுவதில்லை. ஊர் அமைதிக்காகச் செய்யப்படும் ஓர் ஏற்பாடு என்றே எல்லோரும் எண்ணுகிறார்கள்.

தேர்தல் சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரு வீட்டினுள் ஆண்டு முழுவதும் கலகம் நடந்துகொண்டிருந்தால் என்ன செய்வது? மனைவியை அடிப்பவர், பெற்ற தாயை மிரட்டுபவர், குழந்தைகளை நடுங்கவைப்பவர் ஒருவர் கையில் துப்பாக்கி இருந்தால், அந்த வீட்டிற்கு எப்போதும் தேர்தல் காலம்தான் அல்லவா? ஊருக்குப் பொருந்தும் முன்னெச்சரிக்கை வீட்டிற்கும் பொருந்த வேண்டும் என்பதே இப்பாடத்தின் கருத்து. இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. இருக்கும் சட்டங்களே போதுமானவை. அவற்றை அறிந்து, உரிய இடத்தில், உரிய காலத்தில், எழுத்து மூலமாகச் சொல்ல முன்வருவோர்தாம் ஒவ்வோர் ஊரிலும் தேவை. ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அந்தக் கடமையை மேற்கொள்ள முடியும் என்று நாம் நம்புகிறோம்.

ஓர் ஊர் என்று வைத்துக்கொள்வோம்

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிப் பட்டு நெய்யும் வட்டாரத்தைச் சேர்ந்தது வெம்பாக்கம். அதனைச் சுற்றியுள்ள ஊர்களில் பலர் வீட்டில் தறியும் வெளியில் நிலமுமாக வாழ்பவர்கள். அத்தகைய ஊர் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு விவசாயி. நிலக்கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கவேண்டும் என்று சொல்லித் துப்பாக்கி உரிமம் பெற்றிருக்கிறார். அவருடைய மனைவி வீட்டில் பட்டுத்தறி நெய்கிறார். ஒரு நாள் காலையில் அந்த அம்மாள் வார்டு உறுப்பினரின் வீட்டிற்கு வருகிறார்.

“அக்கா, நேற்று இரவும் அவர் அடித்தார். அடிப்பது புதிதல்ல. ஆனால் நேற்று அடித்து முடித்த பிறகு துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.”

இத்தகைய நேரத்தில் நம் ஊர்களில் வழக்கமாக நடப்பது யாது? பெரியவர்கள் நால்வர் கூடுவார்கள். கணவரை அழைத்துப் புத்தி கூறுவார்கள். “இது குடும்ப விஷயம், வெளியே போனால் மானம் போகும்” என்பார்கள். அந்த அம்மாளிடம், “நீயும் கொஞ்சம் பொறுத்துப் போ, அம்மா” என்பார்கள். அன்று மாலையே இருவரையும் சேர்த்து வீட்டிற்கு அனுப்பிவிடுவார்கள். எல்லாம் நல்ல எண்ணத்துடன் செய்யப்படுவதுதான். ஆயினும், கூடியிருந்தவர்களில் ஒருவராவது, “அந்தத் துப்பாக்கி இப்போது எங்கே இருக்கிறது?” என்று கேட்டாரா?

அந்த ஒரு கேள்வியைக் கேட்காத சமரசம், தீப்பொறி கிடக்கும் வைக்கோற்போரின் மேல் புதிய கட்டை அடுக்குவதற்கு ஒப்பாகும். சமரசம் நாளைக்கும் பேசலாம். துப்பாக்கி இன்றைக்கே அந்த வீட்டை விட்டு வெளியேற வேண்டும்.

துப்பாக்கியைத் தனியே எடுத்துச் சொல்வது ஏன்?

“அரிவாளும் கொடுவாளும் எல்லா வீட்டிலும் இருக்கின்றனவே, துப்பாக்கியை மட்டும் ஏன் பெரிதுபடுத்த வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அரிவாளை ஓங்குபவனுடைய கையை மற்றொருவர் பிடித்துவிடலாம். அடிபடுபவர் ஓடிக் கதவைத் தாழிட்டுக்கொள்ளலாம். பக்கத்து வீட்டார் வந்து விலக்கலாம். கோபம் தணியச் சிறிது நேரம் கிடைக்கிறது. துப்பாக்கியோ அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. முற்றத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் குண்டு பாய்ந்துவிடும். விரலை அசைத்த பின் வருந்திப் பயனில்லை. குடிபோதையும் சந்தேகமும் சேர்ந்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை. அத்தகைய வேளையில் துப்பாக்கி வைத்திருப்பவர் தம்மையே மாய்த்துக்கொள்வதும் உண்டு. எனவே துப்பாக்கியை அகற்றுவது அவருக்கும் பாதுகாப்பேயாகும்.

இது வெறும் அச்சமன்று. அமெரிக்காவில் 11 நகரங்களில் ஆராய்ச்சி செய்து 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு ஒன்று உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. துணைவியைத் துன்புறுத்தும் ஆணுக்குத் துப்பாக்கி எளிதில் கிடைக்குமானால், அந்தப் பெண் கொல்லப்படும் அபாயம் சுமார் 5 மடங்காகிறது என்பதே அம்முடிவு. அடி வாங்கிப் பிழைப்பதற்கும் உயிர் இழப்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு பல வேளைகளில் வீட்டில் என்ன ஆயுதம் இருக்கிறது என்பதைப் பொறுத்ததே.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1995 ஆம் ஆண்டு ஜூலை மாதம் டில்லியில் ஒருவர் தம் மனைவியைத் தம் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார். ‘தந்தூர் வழக்கு’ என்று நாடெங்கும் பேசப்பட்டது அது. அவர் பயன்படுத்தியது கள்ளத் துப்பாக்கி அன்று. அரசாங்க உரிமம் பெற்ற கைத்துப்பாக்கியே. கணவன் மனைவியரிடையே அதற்கு முன்பே பூசலும் சந்தேகமும் இருந்தன. அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஆம் ஆண்டில் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றித் தீர்ப்பளித்தது. வழக்கு 18 ஆண்டுகள் நடந்து தண்டனையும் கிடைத்தது. ஆனால் போன உயிர் திரும்பவில்லை. உரிமம் என்பது ஒருவர் ஒரு நாளில் தகுதியுடையவராகக் காணப்பட்டார் என்பதற்கு மட்டுமே சான்று. இன்றும் அவர் தகுதியுடையவர் என்பதற்குச் சான்றாகாது. இதனை நாம் நன்கு மனத்திற் கொள்ளவேண்டும்.

நம் மாநிலத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சிலரே என்பது உண்மை. ஆனால் வீட்டுக்குள் நடக்கும் வன்முறை சிறிதன்று. 2019–21 ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு என்றேனும் ஆளானவர்கள். அகில இந்தியக் கணக்கில் அது நூற்றுக்கு 29. ஆகவே, ஓர் ஊரில் நான்கு துப்பாக்கிகளே இருந்தாலும், அவற்றுள் ஒன்று இத்தகைய வீட்டில் இருக்கக்கூடும் என்பதை மறுக்க இயலாது.

படைக்கலச் சட்டம் கூறுவது

வெள்ளையர் காலத்தில் 1878 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஆயுதச் சட்டத்திற்குப் பதிலாக, சுதந்திர இந்தியாவின் பாராளுமன்றம் 1959 ஆம் ஆண்டில் படைக்கலச் சட்டத்தை இயற்றியது. அது 1962 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் 2016 ஆம் ஆண்டில் புதிய விதிகள் வகுக்கப்பட்டன. 2019 ஆம் ஆண்டில் சட்டமும் திருத்தப்பட்டது. விவசாயிகள் அறிந்திருக்க வேண்டிய செய்திகளை மட்டும் இங்கே கூறுகிறோம்.

உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். பயிர்ப் பாதுகாப்பிற்காக உண்மையாகவே தேவைப்படுவோருக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் அளிக்கச் சட்டம் இடந்தருகிறது. ஆனால் அந்த உரிமம் ஒருவருடைய சொத்தன்று. அரசாங்கம் நம்பிக்கையின் பேரில் அளிக்கும் அனுமதி. தந்தை இறந்ததும் அவருடைய துப்பாக்கி நிலத்தைப்போல் மகனுக்குத் தானாகச் சேர்ந்துவிடாது. மகன் தம் பெயரில் உரிமம் பெறவேண்டும். முன்பு 3 ஆண்டுகளுக்கு அளிக்கப்பட்ட உரிமம் 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் 5 ஆண்டுகளுக்கு அளிக்கப்படுகிறது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் 3 இலிருந்து 2 ஆகக் குறைக்கப்பட்டது.

நம் பொருளுக்கு முக்கியமான பிரிவுகள் ஐந்து.

முதலாவது, 9 ஆம் பிரிவு. வன்முறைக் குற்றத்திற்காகச் சிறைத்தண்டனை பெற்றவர், அத்தண்டனை முடிந்து 5 ஆண்டுகள் வரை துப்பாக்கி வைத்திருத்தல் ஆகாது. அமைதி காப்பதாகவோ நன்னடத்தையுடன் இருப்பதாகவோ பிணைப்பத்திரம் எழுதித்தருமாறு ஆணையிடப்பட்டவரும், அந்தப் பத்திரத்தின் காலம் முடியும்வரை வைத்திருத்தல் ஆகாது.

இரண்டாவது, 13 ஆம் பிரிவு. உரிமம் கோரி விண்ணப்பம் வந்தால், அப்பகுதிக் காவல் நிலைய அதிகாரியின் அறிக்கையை உரிமம் வழங்கும் அதிகாரி கேட்டுப் பெறவேண்டும். ஊரார் வாய்திறக்க வேண்டிய முதற் சந்தர்ப்பம் இதுவே.

மூன்றாவது, 14 ஆம் பிரிவு. விண்ணப்பதாரர் எக்காரணத்தாலேனும் தகுதியற்றவர் என்று கருதினாலும், பொது அமைதிக்கும் பாதுகாப்பிற்கும் அவசியம் என்று கண்டாலும் உரிமத்தை மறுக்கலாம்.

நான்காவது, 17 ஆம் பிரிவு. அதே காரணங்களுக்காக, ஏற்கெனவே அளித்த உரிமத்தை நிறுத்தி வைக்கலாம். அல்லது அறவே ரத்துச் செய்யலாம். உரிமம் போன பின் துப்பாக்கியைக் காலதாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும்.

ஐந்தாவது, 22 ஆம் பிரிவு. ஒருவர் கையில் துப்பாக்கியை விட்டுவைப்பது பொது அமைதிக்கோ பாதுகாப்பிற்கோ அபாயம் என்று மாவட்ட மாஜிஸ்திரேட்டான கலெக்டர் நம்புவாராயின், காரணத்தை எழுதிப் பதிவு செய்துவிட்டு, அவருடைய வீட்டைச் சோதனையிட்டு, உரிமம் இருந்தாலும்கூடத் துப்பாக்கியைக் கைப்பற்றி வைக்கச் செய்யலாம்.

இச்சட்டத்தில், துப்பாக்கி வைத்திருக்கத் தடையுள்ளோரின் பட்டியலில் ‘குடும்ப வன்முறை’ என்ற சொல் தனியே காணப்படவில்லை. இதுதான் ஒரு குறை. ஆயினும் ‘எக்காரணத்தாலேனும் தகுதியற்றவர்’ என்ற சொற்கள் விரிந்தவை. மனைவியை அடித்து மிரட்டுபவர் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுடையவரா என்ற கேள்வியை, ஆதாரத்துடன் அதிகாரியின் முன் வைக்க ஒருவர் வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் அதிகாரிக்கு எவ்வாறு தெரியும்?

மற்றொரு சட்டம்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடிப்பது மட்டுமின்றி, மிரட்டுவதும், இழிவாகப் பேசுவதும், செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதும் இச்சட்டத்தின்படி வன்முறையே. ஆகையால் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பதையும், “அடி விழவில்லையே” என்று தள்ளிவிட முடியாது.

இச்சட்டத்தின்படி பாதிக்கப்பட்ட பெண், பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ நேராகவோ மாஜிஸ்திரேட்டிடம் விண்ணப்பிக்கலாம். சாதாரணமாக 3 நாட்களுக்குள் முதல் விசாரணை நாள் குறிக்கப்பட வேண்டும். அவசரமாயின் எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு பிறப்பிக்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2006 ஆம் ஆண்டு விதிகளில் 10 ஆவது விதி நமக்கு மிகவும் பயன்படுவது. மாஜிஸ்திரேட் எழுத்து மூலம் பணித்தால், வன்முறையில் சம்பந்தப்பட்ட ஆயுதத்தைப் பாதுகாப்பு அலுவலர் காவலர்களின் உதவியுடன் கைப்பற்றலாம் என்று அது கூறுகிறது.

இன்னும் ஒரு முக்கியமான செய்தி உண்டு. இச்சட்டத்தின் 19 ஆம் பிரிவின்படி, பெண் அவ்வீட்டிலேயே பாதுகாப்பாக வசிப்பதற்கான உத்தரவைப் பிறப்பிக்கும்போது, வன்முறை செய்யாதிருக்க எதிர்த்தரப்பினரிடம் மாஜிஸ்திரேட் பிணைப்பத்திரம் கேட்கலாம். அந்த ஆணை, குற்ற நடைமுறைச் சட்டத்தில் அமைதி காப்பதற்கான அத்தியாயத்தின் கீழ் பிறப்பித்த ஆணையாகவே கருதப்படும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. மேலே நாம் கண்ட படைக்கலச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு, அந்த அத்தியாயத்தின் கீழ் பிணைப்பத்திரம் எழுதித்தரப் பணிக்கப்பட்டவர் துப்பாக்கி வைத்திருத்தல் ஆகாது என்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். பாவும் ஊடையும் சேர்ந்து துணியாவதுபோல், தனித்தனியே கிடக்கும் இரு சட்டங்களும் இவ்விடத்தில் ஒன்றாகப் பின்னிக்கொள்கின்றன. எனவே, பெண்ணின் சார்பில் விண்ணப்பம் எழுதுவோர் மூன்றையும் தெளிவாகக் கேட்கவேண்டும்: பாதுகாப்பு உத்தரவு வேண்டும்; பிணைப்பத்திரம் வேண்டும்; ஆயுதத்தைக் கைப்பற்ற வேண்டும். கேளாதது பெரும்பாலும் கிடைப்பதில்லை.

பிற நாடுகளில்

ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தர் என்னும் இடத்தில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அதன் பின் அந்நாட்டு அரசாங்கங்கள் செய்துகொண்ட உடன்பாட்டில், கடந்த 5 ஆண்டுகளுக்குள் குடும்ப வன்முறைத் தடையாணைக்கு உள்ளானவருக்குத் துப்பாக்கி உரிமம் இல்லை என்று வரையறுத்தார்கள். அமெரிக்காவில் நீதிமன்றத் தடையாணைக்கு உட்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்று 1994 ஆம் ஆண்டிலும், குடும்ப வன்முறைக்காகச் சிறு குற்றத் தண்டனை பெற்றவரும் வைத்திருக்கலாகாது என்று 1996 ஆம் ஆண்டிலும் சட்டம் செய்தார்கள். துப்பாக்கி வைத்திருப்பதை அரசியல் சட்ட உரிமையாகவே போற்றும் நாடு அது. அங்குங்கூட, 1994 ஆம் ஆண்டுத் தடை செல்லும் என்று 2024 ஜூன் மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

கனடாவின் வழக்கம் நமக்கு மிகவும் பொருத்தமானது. அங்கே ஒருவர் துப்பாக்கி உரிமம் கேட்டால், அவருடைய மனைவியோ, கடந்த 2 ஆண்டுகளுக்குள் உடன் வாழ்ந்தவரோ விண்ணப்பத்தில் கையொப்பமிட வேண்டும். கையொப்பம் இல்லையெனில் அதிகாரிகளே அவருக்குத் தெரிவிப்பார்கள். துப்பாக்கி வரப்போவது வீட்டிற்கு. ஆகவே வீட்டிலுள்ளவரைக் கேட்க வேண்டும் என்பது எவ்வளவு எளிய நியாயம்! நம் நாட்டில் அத்தகைய கட்டாயம் இல்லாவிடினும், விசாரணைக்கு வரும் காவலரிடம், “அந்த அம்மாளையும் தனியே கேளுங்கள், ஐயா” என்று ஊராட்சி உறுப்பினர் சொல்வதை யாரும் தடுப்பதில்லை.

ஊரார் செய்யத்தக்கவை

இனி, நாம் கற்பனை செய்த ஊருக்குத் திரும்புவோம். அந்த அம்மாள் வந்து சொன்னதும் வார்டு உறுப்பினர் என்ன செய்யவேண்டும்?

1. முதலில் அந்த அம்மாளும் குழந்தைகளும் அன்றிரவு எங்கே தங்குவார்கள் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். ஆபத்து உடனடியாக இருந்தால் காவல்துறைக்கு 112 என்ற எண்ணில் சொல்லவேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181.

2. துப்பாக்கியைத் தாமாகப் பிடுங்கி வர யாரும் போகக்கூடாது. அதனால் உயிராபத்து நேரலாம். வாங்கி வந்து ஊராட்சித் தலைவர் வீட்டிலோ கோயில் அறையிலோ பூட்டி வைப்பதும் தவறு. உரிமமின்றி வைத்திருந்த குற்றம் வைத்திருப்பவர் மேல் வந்துவிடும். துப்பாக்கி போகவேண்டிய இடம் காவல் நிலையம் ஒன்றே.

3. பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரவேண்டும். இவர் சமூக நலத்துறையின் கீழ் மாவட்டத்தில் பணிபுரிபவர். வன்முறை நடந்ததாகவோ நடக்கக்கூடுமெனவோ நம்புகிற எவரும் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர்மேல் வழக்கு எதுவும் வராது என்று சட்டத்தின் 4 ஆம் பிரிவே உறுதி கூறுகிறது. “நமக்கு எதற்கு வம்பு?” என்று ஒதுங்குவோர் இதனைக் கவனிப்பார்களாக.

4. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கையில் துப்பாக்கி இருப்பதையும் தவறாமல் எழுதவேண்டும். ‘அடித்தார்’ என்று மட்டும் எழுதினால் அது நூறு புகார்களில் ஒன்றாகிவிடும். 1992 ஆம் ஆண்டில் சென்னை ஆயிரம் விளக்கில் முதலாவதாகத் தொடங்கப்பட்டது முதல், அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் நம் மாநிலமெங்கும் ஏற்பட்டுள்ளன. அங்கே பெண்கள் தயக்கமின்றிப் பேசலாம்.

5. உரிமத்தை நிறுத்தி வைக்குமாறு கலெக்டருக்குத் தனியே ஒரு மனு அனுப்ப வேண்டும். வெம்பாக்கம் வட்டாரத்தினர் திருவண்ணாமலைக் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளன்று நேரில் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளலாம்.

6. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். 1987 ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100.

உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கியாக இருந்தால் விஷயம் இன்னும் கடுமையானது. படைக்கலச் சட்டத்தின்படி குற்றம் நடப்பதை அறிந்தவர் தகுந்த காரணமின்றி மறைக்கலாகாது. காவல் நிலையத்திற்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிக்க வேண்டும். மலைப்பகுதிகளில் காவல்துறையினர் அவ்வப்போது அறிவிப்புச் செய்து, மக்கள் தாமாக ஒப்படைக்கும் நாட்டுத் துப்பாக்கிகளைப் பெற்று வந்திருக்கிறார்கள். அத்தகைய வேளையில் ஒப்படைத்துவிடுவது எல்லோருக்கும் நன்மை. இதனை எந்த ஒரு வகுப்பாரையும் குறித்துச் சொல்லவில்லை. வீட்டில் கை ஓங்குபவர் எவ்வூரிலும், எவ்வகுப்பிலும் இருக்கிறார்.

மனு எழுதும் முறை

மனு சுருக்கமாகவும், நாள், நேரம், இடம் குறிப்பிட்டும் இருக்க வேண்டும். வசை வேண்டாம், நடந்தது மட்டும் போதும். ஒரு மாதிரி வருமாறு:

“ஐயா, எங்கள் ஊரில் வசிக்கும் இன்னார் துப்பாக்கி உரிமம் பெற்றவர். இன்ன நாளிலும் இன்ன நாளிலும் இவர் தம் மனைவியைத் தாக்கியுள்ளார். இன்ன நாள் இரவு துப்பாக்கியை எடுத்து அச்சுறுத்தியுள்ளார். இதுகுறித்து இன்ன காவல் நிலையத்தில் புகார் அளிக்கப்பட்டுள்ளது. அதன் ரசீது நகல் இணைக்கப்பட்டுள்ளது. இவரிடம் துப்பாக்கி இருப்பது அக்குடும்பத்தினரின் உயிருக்கு அபாயம் என அஞ்சுகிறோம். படைக்கலச் சட்டம் 17, 22 ஆகிய பிரிவுகளின்படி உரிமத்தை நிறுத்தி வைத்து, துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் செய்யுமாறு வேண்டுகிறோம்.”

இதில் அந்த அம்மாள் தாமே கையொப்பமிடுவது நல்லது. அவருடைய சம்மதமின்றி மனுவை ஊரில் படித்துக் காட்டுவதும், கணவரிடம் முன்கூட்டியே தெரிவிப்பதும் கூடா. புகார் வெளிப்படும் நேரமும், பெண் வீட்டை விட்டு வெளியேறும் நேரமுமே மிகுந்த ஆபத்தான நேரங்கள் என்பதை மறத்தலாகாது.

எழக்கூடிய ஐயங்கள்

“துப்பாக்கி போனால் பயிரை யார் காப்பது?” என்று விவசாயி கேட்கலாம். காட்டுப்பன்றி வனவிலங்குச் சட்டத்திற்கு உட்பட்டது. பயிர்க்காவல் உரிமம் இருப்பதாலேயே அதனைச் சுட்டுவிட முடியாது. காப்புக்காட்டிற்கு வெகு தொலைவில் வந்து பயிரழிக்கும் பன்றிகளைச் சுட 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வகுத்த ஏற்பாடும் வனத்துறையினர் மூலமே நிறைவேற்றப்படுவது. ஆகவே, வேலி, காவல், வனத்துறைக்கு மனு, பயிர்ச் சேதத்திற்கு இழப்பீடு ஆகிய வழிகள் துப்பாக்கி இல்லாதவருக்கும் திறந்தே இருக்கின்றன. ஒரு பருவத்துக் கடலை போனால் மறு பருவத்தில் விளையும்.

“பொய்ப் புகாரால் நல்லவர் ஒருவர் உரிமம் இழந்துவிட்டால்?” என்பது மற்றோர் ஐயம். உரிமத்தை நிறுத்தினாலும் மறுத்தாலும் அதிகாரி காரணத்தை எழுதவேண்டும். அதனை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 18 ஆம் பிரிவு வழி செய்கிறது. ஒப்படைத்த துப்பாக்கி பறிபோனதாகாது. இரசீது இருக்கிறது, காரணம் நீங்கினால் சட்டப்படி திரும்பப் பெறலாம். நல்லவருக்குச் சில மாதங்கள் துப்பாக்கி இல்லாமற்போவதையும், ஒரு குடும்பம் தாயை இழப்பதையும் இரு தட்டுகளில் வைத்து எடை போட்டுப் பார்த்தால், எது தாழும் என்று நாம் கூறவேண்டியதில்லை.

“கணவரைக் காட்டிக்கொடுத்தால் குடும்பம் உடைந்துவிடாதா?” என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. துப்பாக்கியை அகற்றுவது குடும்பத்தை உடைப்பதாகாது. உண்மையில், சமரசம் நிலைக்க வேண்டுமானால் இரு தரப்பும் அச்சமின்றிப் பேச முடியவேண்டும். சுவரில் துப்பாக்கி தொங்கும் வீட்டில் மனைவி சொல்லும் ‘சரி’ சம்மதமா, பயமா என்று எவரால் கூற இயலும்? கணவரே மனமுவந்து, “என் கோபத்தை நானே நம்பவில்லை; சிறிது காலம் காவல் நிலையத்தில் இருக்கட்டும்” என்று ஒப்படைத்தால் அது அவருக்குப் பெருமையே. நல்ல நண்பர்கள் இந்த யோசனையைக் கூறி, அவரை உடனழைத்துச் செல்லலாம்.

முடிவுரை

தறியில் பாவிழை ஒன்று அறுந்தால், நெசவாளி அதைக் கண்டும் காணாததுபோல் மேலே நெய்துகொண்டு போவதில்லை. தறியை நிறுத்தி, இழையை முடிந்த பிறகே நாடாவை ஓட்டுகிறார். நிறுத்தும் நேரம் நஷ்டமென்று அவர் எண்ணுவதில்லை. வீட்டில் வன்முறை என்று ஒரு பெண் வந்து சொல்லும்போது, ஊரும் அவ்வாறே ஒரு கணம் நிற்கவேண்டும். புத்திமதிக்கும் சமரசத்திற்கும் முன்னால், “துப்பாக்கி எங்கே?” என்று கேட்கவேண்டும். கேட்டு, அதனைக் காவல் நிலையத்திற்குச் சேர்ப்பிக்கும் வரையில் ஓயலாகாது. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இச்செய்தியை ஐந்து நிமிடம் எடுத்துக் கூறுங்கள். எந்த வீட்டின் பெயரையும் சொல்லவேண்டாம். கேட்கவேண்டியவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. தேர்தல் காலத்தில் துப்பாக்கிகளை வாங்கி வைப்பது ஏன்? அதே காரணம் குடும்பத்திற்கும் எவ்வாறு பொருந்தும்?

2. உங்கள் ஊரிலிருந்து பாதுகாப்பு அலுவலரின் அலுவலகம் எங்கே உள்ளது? அங்கே செல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

3. உரிமம் கோரி ஒருவர் விண்ணப்பித்தால், விசாரணைக்கு வரும் அதிகாரியிடம் ஊராட்சி உறுப்பினர் என்னென்ன சொல்லலாம்?

4. துப்பாக்கியை ஊராட்சித் தலைவர் வாங்கி வைப்பது ஏன் தவறு?

5. உங்கள் ஊரில் இதுவரை செய்யப்பட்ட குடும்பச் சமரசங்களில், ஆயுதம் பற்றி ஒரு முறையாவது கேட்கப்பட்டதா?